முதல் வகுப்பில் உட்காருவதற்கான விதிகள்

டிக்கெட்டில் இரண்டாம் வகுப்பு என்றுதான் போட்டிருக்கிறது. மடித்துப் பைக்குள் வைத்து, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, மறுபடி எடுத்துப் பிரித்தாலும் அதேதான். கூடுவாஞ்சேரியிலிருந்து சென்னை பார்க் நிலையம், பெரியவர்கள் இரண்டு, போக வர, இரண்டாம் வகுப்பு. நான் உட்கார்ந்திருப்பது முதல் வகுப்பு. கீழே நீல மெத்தை, தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறி, நடுவில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என் மனைவி தமயந்தி. அவள் தலையின் கனம் மிகவும் குறைந்துவிட்டது, முன்பெல்லாம் இப்படிச் சாய்ந்தால் தோள் மரத்துப்போகும், இப்போது ஒரு துண்டைப் போட்டுக்கொண்டதுபோல இருக்கிறது. வரிசையில் நின்றபோது மனதுக்குள் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டேதான் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைக் காலர்கூட நினைவிருக்கிறது. கவுன்ட்டர் ஜன்னலுக்கு முன்னால் வந்ததும் வாய் அதுபாட்டுக்கு "பார்க் ரெண்டு, ரிட்டன்" என்றது. வகுப்பு என்ற சொல்லை நான் எந்தக் கவுன்ட்டரிலும் உச்சரித்ததே இல்லை. இந்தப் பாதையில் வேலைக்குப் போய் வருகிற யாருமே உச்சரிப்பதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் எந்த வகுப்பு என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். முதல் வகுப்புக்காரர்கள்தான் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் பேசியது, நான் பேசவில்லை. அப்படித்தானே? அல்லது கடைசி நொடியில் எனக்குள் இருக்கும் கஞ்சன் வாயைப் பிடுங்கிக்கொண்டானா? கையில் பணம் இருந்தது, சட்டைப் பையிலேயே தயாராக வைத்திருந்தேன். இருந்தும் சில்லறை மிஞ்சியபோது ஏன் எனக்கு உறைக்கவில்லை? மிஞ்சியதை வாங்கிப் பைக்குள் போட்டேனே, அந்தக் கைக்குத் தெரியாமலா இருந்தது? தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் என் கை என்ன செய்கிறது, என் வாய் என்ன சொல்கிறது என்று நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

மெத்தை சீட்டு என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் இனிமேல் வரவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் சொன்னது அவ்வளவுதான். சொன்னது என்றால் பாதி சைகை, பாதி காற்று. கழுத்தில் இருக்கும் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்ததிலிருந்து தொண்டை வெந்துபோய்விட்டது. ஒரு சொல் வெளியே வர எச்சிலைக் கூட்டி விழுங்கி முகத்தைச் சுளிக்க வேண்டும். அதனால் நாள் முழுக்கச் சேர்த்து வைத்து ஒரு வாக்கியம் பேசுவாள். அந்த ஒரு வாக்கியத்தை நேற்று இதற்குச் செலவழித்தாள். போன வாரம் நடந்ததற்குப் பிறகு அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாம் வகுப்பில் வாசலோரம் தரையில் துண்டை விரித்து உட்காரவைத்தேன், வேறு இடமில்லை. எச்சில் கோழையாகக் கட்டி வந்து அவள் பிளாஸ்டிக் பையில் துப்பினாள். நின்றுகொண்டிருந்த ஒருத்தர் காலை இழுத்துக்கொண்டு, "எறங்கித் துப்பிட்டு ஏறும்மா, இதென்ன சாக்கடையா" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். தமயந்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்க் வரை விழுங்கிக்கொண்டே வந்தாள், எதை விழுங்கினாள் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. மறுநாள் அவள் கிளம்பவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அப்போதுதான் அந்த டாக்டர் பெண் போனில் கூப்பிட்டாள். என் மகள் வயது இருக்கும். "நடுவுல விடக் கூடாதுங்க. விட்டா அது மறுபடி வளர ஆரம்பிச்சிடும், இவ்வளவு நாள் பட்ட கஷ்டமும் வீணாயிடும். எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். எப்படியாவது. காரில் போய்ப் பார்த்தோம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை தாண்டிவிட்டிருந்தது. அப்படியாக ரயில்தான் மிஞ்சியது. ரயிலில் மெத்தைதான் மிஞ்சியது. காலையில் தலை சீவிக்கொண்டு கழுத்தின் கறுத்த தோல் தெரியாமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அவளாகவே செருப்பைப் போட்டுக்கொண்டபோது, எனக்கு ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி வந்துவிட்டதுபோல இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் மஞ்சள் பூசிய கையால் ஜவுளிக்கடையில் புடவையைத் தடவுவாள், அதே மாதிரி. பிறகு தலையைச் சாய்த்தாள், தூங்கிவிட்டாள். எத்தனையோ இரவுகளாகத் தூங்காதவள்.

என்ன செய்யலாம். போனில் டிக்கெட் எடுக்கலாம் என்று தோன்றி, தோள் அசையாமல் இடது கையால் எடுத்துத் தடவினேன். ரயில் நிலைய எல்லைக்குள்ளும் தண்டவாளத்துக்கு அருகிலும் டிக்கெட் எடுக்க முடியாது என்று அது எனக்குச் சொன்னது. நியாயம்தான், பரிசோதகரைப் பார்த்த பிறகு எடுக்கிறவர்களுக்காக வைத்த விதி. என்னைப் போன்ற ஒருத்தனுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் நான் மட்டும் இறங்கிக் கவுன்ட்டருக்கு ஓடினால் வண்டி போய்விடும், இவள் தனியாகப் போவாள், பார்க்கில் இவளை யார் எழுப்புவது? இரண்டு பேரும் இறங்கினால் எழுப்ப வேண்டும், எழுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். நானே பரிசோதகரைத் தேடிப் போய் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் குற்றமில்லை, வித்தியாசத்தைக் கட்டினால் போதும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாரிமுனையில் நான் வேலை பார்த்த சரக்கு ஏஜென்சியில் எங்கள் முதலாளியும் இதைத்தான் சொல்வார்: பெட்டியைக் கஸ்டம்ஸ்காரன் திறப்பதற்கு முன்னால் நீ சொன்னால் அது விவரம், திறந்த பிறகு சொன்னால் வாக்குமூலம். எத்தனை படிவங்களில் எத்தனை பெட்டிகளை விவரமாக எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த மின்சார ரயிலில் பரிசோதகர் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. திடீரென்று ஏதாவதொரு நிலையத்தில் கும்பலாக ஏறுவார்கள். யாரிடம் போய் விவரம் சொல்வது, மின்விசிறியிடமா? அபராதம்கூடப் பரவாயில்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவேன், ரசீதுகூட வேண்டாம். ஆனால் அவர்கள் அதை மெதுவாகச் செய்வதில்லை. எழுந்து நில்லுங்கள் என்பார்கள், படித்தவர் மாதிரி இருக்கிறீர்களே என்பார்கள், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அப்போது இவள் விழித்துக்கொள்வாள். நாலு பேர் முன்னால் இன்னொரு தரம். அதோடு முடிந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்புறம் வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள், அப்புறம் நானும் அந்த டாக்டர் பெண்ணும் காலில் விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். எனக்குத் தமயந்தியைத் தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்கக்கூட இத்தனை வருஷத்தில் என்னைத்தான் அனுப்பியிருக்கிறாள். கேட்பது என்பது அவளுக்கு உடம்பில் இல்லாத உறுப்பு.

வண்டலூர். பெருங்களத்தூர். ஒவ்வொரு நிலையமும் வருவதற்கு முன்பே நான் பிளாட்பாரத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன், வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், சட்டையில் பெயர்ப் பட்டை. இந்த ஊரில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டை போடுகிறார்கள் என்று இன்றுதான் தெரிகிறது. தாம்பரத்தில் ஒருத்தர் ஏறினார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தோல் பை. ஏறியவர் உட்காராமல் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். தோளை அசைக்கக் கூடாது, அசைத்தால் விழித்துக்கொள்வாள். நான் எதுவும் செய்யாதவன்போல இருக்க வேண்டும், எதுவும் செய்யாதவன் எப்படி இருப்பான், வெளியே பார்ப்பான், வெளியே பார்த்தேன், கொட்டாவி விடுவான், விட்டேன். அவர் பையைத் திறந்தார். ரசீதுப் புத்தகம் என்று நினைத்தேன். டை எடுத்தார். செல்போன் திரையைக் கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு கழுத்தில் கட்டிக்கொண்டு, முடிச்சு கோணலாக இருக்கிறதா என்று என்னைப் பார்த்துப் புருவத்தால் கேட்டார். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அப்போதுதான் என் முதுகு முழுக்க வேர்த்திருப்பது தெரிந்தது. அந்த மனிதருக்கு இன்று எங்கோ ஒரு வேலை ஆக வேண்டியிருக்கும், அவரும் பயந்துபோய்த்தான் எங்களைப் பார்த்திருப்பார். எனக்கு அவர்மேல் ஒரு நொடி பாசமாக இருந்தது, அடுத்த நொடி கோபமாக இருந்தது. வண்டி நகர்ந்தது. இவள் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, உள்ளே எங்கோ மணலைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தத்தோடு. அந்தச் சத்தம் நிற்காமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. வேறு எதற்கு இருக்கிறேன் நான்? இவள் போய்விட்டால் என்று ஒரு வாக்கியம் தினமும் எனக்குள் ஆரம்பிக்கும், நான் முடிக்க மாட்டேன், முடித்தால் நடந்துவிடும் என்று ஒரு பயம். இப்போதும் ஆரம்பித்தது. இவள் போய்விட்டால். அங்கேயே நிறுத்தினேன், மூடிக்கிடந்த ஒரு ரயில்வே கேட்டைப் பார்த்தேன், அதன் பின்னால் நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டர்களைப் பார்த்தேன்.

எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்தார். கூடுவாஞ்சேரியிலிருந்தே அவர் என்னைப் படித்துக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு, மடியில் சாப்பாட்டுப் பை, தினமும் அதே இடத்தில் உட்காருகிறவரின் தோரணை. "சார் சீசனா?" என்றார். "இல்லீங்க, டிக்கெட்" என்றேன். "இந்தப் பக்கம் பார்த்ததில்லையே, அதான் கேட்டேன். இது ஃபர்ஸ்ட் கிளாஸு." "தெரியுங்க." "தப்பா எடுத்துக்காதீங்க. தெரியாம ஏறிடறாங்க. போன வாரம் கிண்டியில ஒருத்தரைப் பிடிச்சாங்க. நல்லா டீசன்டா இருந்தாரு, உங்கள மாதிரிதான். கேட்டா, கூட்டமா இருந்துது அதான் ஏறினேங்கறாரு. கூட்டமா இருந்தா ஏறிடறதா? அப்ப நாங்க எதுக்குக் காசு குடுத்து சீசன் எடுக்கறோம், சொல்லுங்க." டை கட்டியவர் போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, அவர் சொல்வது சரிதானே, அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையே சொல்வேன், இன்னும் கடுமையாகக்கூடச் சொல்வேன். அவர் விடவில்லை. "ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டுதானே எடுத்திருக்கீங்க?" அப்போது என் தோள் லேசாயிற்று. தமயந்தி தலையை நிமிர்த்தியிருந்தாள். கண்ணைத் திறக்காமலேயே, எச்சிலைக் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கி, முகத்தைச் சுளித்து, தகரத்தைக் கிழிப்பதுபோன்ற அந்தக் குரலில், "ஃபர்ஸ்ட் கிளாஸ்தாங்க. இவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றாள். இன்றைக்கான அவளுடைய வாக்கியம். சொல்லிவிட்டு மறுபடி தோளில் சாய்ந்தாள். பேப்பர்காரர் அந்தக் குரலைக் கேட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, நான் சும்மா கேட்டேம்மா" என்று பேப்பரைத் திறந்துகொண்டார்.

குரோம்பேட்டையில் வண்டி நின்றது, ஆட்கள் ஏறினார்கள், புறப்பட்டது. எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பைக்குள் அந்தக் காகிதம் இருக்கும் இடத்தில் நெஞ்சு சுட்டது. அவள் எனக்காகச் செலவு செய்துவிட்டாள், அதுவும் இல்லாத ஒன்றிலிருந்து எடுத்து. எனக்குச் சாட்சி சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்த நரம்பில் பார்த்தேன். இனி பரிசோதகர் ஏறினால் என் திருட்டு மட்டும் அகப்படாது, அவள் சொன்ன சொல்லும் அகப்படும். ஏறாவிட்டால்? ஏறாவிட்டால் பார்க் வரும், இறங்குவோம், அவளுக்கு ஒருநாளும் தெரியாது. நாளைக்குச் சரியான டிக்கெட் எடுப்பேன், எல்லாம் சரியாகிவிடும். அதுதான் புத்திசாலித்தனம். சொல்லாதே, சொல்லாதே, இப்போது சொன்னால் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவாள், நீயே உன் கையால் அவளைக் கொன்றதுபோல ஆகும், உன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள அவள் கழுத்தா கிடைத்தது? இவ்வளவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்து அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். "தமயந்தி, நான் கேட்டது தப்பாயிடுச்சு. வாய் பழக்கத்துல செகண்ட் கிளாஸ் எடுத்துட்டேன். வண்டி கெளம்பின பிறகுதான் பார்த்தேன்." வாய். மறுபடியும் அந்த வாய். காலையில் என்னைக் கேட்காமல் பேசியது, இப்போதும் என்னைக் கேட்காமல் பேசியது. அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எதிரில் விரிந்திருந்த பேப்பரைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். டிக்கெட்டைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தாள். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள்.

பல்லாவரம் வருகிறது. அவள் கம்பியைப் பிடித்து நடந்து வாசலுக்குப் போகிறாள், நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். முடிந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டி நிற்கிறது, காலியாக, எங்களுக்காகவே நிறுத்திவைத்ததுபோல. படிக்கட்டு ஏறி இறங்கினால் போதும். "தமயந்தி, இங்க பாரு, கவுன்ட்டர் மேலதான் இருக்கு, நான் போய் மாத்தி எடுத்துட்டு வந்துடறேன், அடுத்த வண்டியில போயிடலாம்" என்கிறேன். அவள் நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் கால் வைத்து, ஒரு கையால் வண்டியின் உடம்பையே பிடித்துக்கொண்டு நடக்கிறாள். படிக்கட்டுப் பக்கம் இல்லை. வண்டியோடு சேர்ந்து, முன்பக்கமாக. அடுத்த வாசல். இரண்டாம் வகுப்பு. வாசலே தெரியாமல் ஆட்கள் தொங்குகிறார்கள். அவள் அண்ணாந்து பார்க்கிறாள், அவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், என்ன நினைத்தார்களோ ஒரு பிளவு விடுகிறார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே முட்டி நுழைகிறேன், வண்டி நகர்ந்துவிட்டது, என் ஒரு செருப்பு கழன்று பிளாட்பாரத்திலேயே போய்விட்டது. உள்ளே வியர்வையும் மல்லிகைப்பூவும் சாம்பாரும் கலந்த நாற்றம். இதற்குத்தானே பயந்தேன். இவள் கீழே விழப் போகிறாள், மிதிக்கப் போகிறார்கள். என் கை எட்டவில்லை, நடுவில் நாலு முதுகுகள். தலைகளுக்கு மேலாக அவள் பின்னந்தலை மட்டும் தெரிகிறது. அது ஒரு இருக்கைக்கு முன்னால் நிற்கிறது. மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் எச்சிலைக் கூட்டுவது பின்னாலிருந்தே எனக்குத் தெரிகிறது, தோள்பட்டை ஏறி இறங்குகிறது. அவளுக்கு இன்றைக்கு வாக்கியம் மிச்சமில்லையே.

"கழுத்துல கரண்ட் வெக்கறாங்க. நிக்க முடியல. எனக்குக் கொஞ்சம் எடம் வேணும்."

அந்தக் குரலுக்குப் பெட்டியின் அந்த மூலை திரும்பிப் பார்க்கிறது. தமயந்தி கேட்டுவிட்டாள். எல்லோர் முன்னாலும், தெரியாதவர்களிடம், அந்தக் குரலில். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பருமனான பெண் தன் தூக்குவாளியை மடிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவளை இடுப்பால் இடிக்கிறாள். "தே, நவுருடி. மெத்தையா போட்டிருக்கு, காலை நீட்டிக்கினு வர." மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒரு சாண் இடம் உண்டாகிறது. தமயந்தி அதில் அரை உடம்பாக உட்காருகிறாள். "இன்னாக்கா, எலும்பா குத்துது" என்கிறாள் அந்தப் பெண். தமயந்தியின் தோள் குலுங்குகிறது, அழுகிறாள் என்று நினைத்து நான் முதுகுகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகிறேன். அழவில்லை. சிரிக்கப் பார்க்கிறாள், சிரித்தால் தொண்டை வலிக்கிறது, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு தயங்குகிறாள். ஜன்னல் பக்கமிருந்து ஒரு ஆள் "பார்த்தும்மா, மேல படப்போவுது" என்கிறான். "பட்டா தொடச்சிக்க. கைகுட்டை இல்ல?" என்கிறாள் தூக்குவாளிக்காரி, அவன் பக்கம் திரும்பாமலே. தமயந்தி துப்புகிறாள். ஒழுங்காக, முழுதாக, கவரின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில் போய் நின்று மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மன்னிக்க மாட்டாள். அது தெரிகிறது, அது போகட்டும், எனக்குத் தெரிய வேண்டியது வேறு ஒன்று, அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடுவாளோ. திரிசூலம் தாண்டுகிறது. மீனம்பாக்கம் தாண்டுகிறது. இன்று ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவோம். நாளை என்பதை நான் நினைக்காமல் நிற்கப் பார்க்கிறேன், செருப்பில்லாத காலை யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், அது நல்லதாக இருக்கிறது, அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"தெனம் போவணுமாக்கா?" என்று தூக்குவாளிக்காரி கேட்கிறாள். தமயந்தி தலையாட்டுகிறாள். "நான் மாம்பலத்துல சமைக்கப் போறேன். ஞாயித்துக்கெழம தவுர எல்லா நாளும் இதே வண்டிதான், இதே வாசல்தான். செங்கல்பட்டுலயே ஏறிடுவேன். எடம் போட்டு வெக்கறேன், நாளைக்கு வரியா?" என் கை மேலே, என் உடம்பு கீழே, நடுவில் எல்லாம் நின்றுவிட்டது. தமயந்தி பதில் சொல்ல வாயெடுக்கிறாள், வரவில்லை. விட்டுவிட்டு இரண்டு விரலைக் காட்டுகிறாள். இரண்டு பேருக்கு.

"ரெண்டா? அதெல்லாம் முடியாதுக்கா. அவரு நிக்கட்டும், கல்லு மாதிரி இருக்காரு."

தமயந்தி இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். வெறும் காலிலிருந்து கைப்பிடி வரை, நிதானமாக, ஒருமுறை. பிறகு ஒரு விரலை மடக்கிக்கொள்கிறாள்.